பாக்ஸ் பாயிடம் பாக்ஸ் இல்லாத சனிக்கிழமை

மூன்று நாள் பயணத்துக்கு நான் எடுத்துச் சென்றவை: மாற்றுடை இரண்டு, ஒரு நோட்டுப் புத்தகம், இருபத்தாறு கிலோ எடையுள்ள ஒரு மின்மோட்டார். முதல் இரண்டும் தோள்பையில் அடங்கின. மூன்றாவதைக் கோணிப்பையில் கட்டி, மதுரைப் பேருந்து நிலையத்தில் சுமைதூக்கும் ஒருவர் ஏற்றிக் கொடுத்தார். ஏற்றியவர் என்னை ஒருமுறையும் பையை ஒருமுறையும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மோட்டார் என் அக்கா சுமதியுடையது. எங்கள் ஊர் திருவாரூர்ப் பக்கம். அக்கா நான்கு ஆண்டுகளுக்கு முன் கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அத்தானும் அவளும் எல்லைக்கு அப்பால், கேரளத்து மலையில், ஓர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். ஆடி மழையில் அத்தான் வழுக்கி விழுந்து கால் முறிந்ததிலிருந்து தோட்டம் அக்காவின் தனிப் பொறுப்பாயிற்று. அவள் தனியாக எடுத்த முதல் காய் பக்குவம் தவறி வெளுத்துப் போனது. இன்னொரு முறை வெளுத்தால் தோட்டத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். அந்த நிலையில்தான் காய் உலர்த்தும் அறையின் மோட்டார் எரிந்தது.

ஏலக்காயைப் பறித்த ஒரு நாளுக்குள், அதிகம் போனால் ஒன்றரை நாளுக்குள், வெப்ப அறைக்குள் ஏற்றிவிட வேண்டும். அடுப்பின் சூட்டை மோட்டார் விசிறி தட்டுத் தட்டாக உள்ளே தள்ளும். தாமதித்தால் பச்சை நிறம் போய்விடும். பருவ காலமாதலால் பக்கத்துத் தோட்டங்களின் அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. கம்பத்தில் மோட்டாருக்குச் சுருள் கட்டுபவர்களிடம் வரிசை நீண்டிருந்தது. எனவே மோட்டார் நான் வசிக்கும் மதுரைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை அக்கா தொலைபேசியில் சொன்னாள்: "இன்னிக்குக் காய் எடுக்குறோம். நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள மோட்டார் ஓடணும். பார்சல்ல போடாத, நீயே கொண்டா."

அக்காவின் குரலில் கெஞ்சல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதனாலேயே புறப்பட்டேன்.

வெள்ளிக்கிழமைப் பேருந்தில் நடத்துநர் பையைக் காலால் தட்டிப் பார்த்தார். "என்னம்மா, அம்மிக்கல்லா?" மோட்டார் என்றேன். "மோட்டாருக்கு டிக்கெட்டு எடுக்கணும்ல?" என்று சிரித்தார், எடுக்கச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் உசிலம்பட்டி வரை அதன்மேல் அமர்ந்து வந்தார். இறங்கும்போது, "நல்ல சீட்டு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

தேனியைத் தாண்டிய பிறகு நிலம் எனக்குப் பழக்கமில்லாத வகையில் நடந்துகொண்டது. எங்கள் ஊரில் அடிவானம் என்பது வயலின் மறுகரை. ஏற்றம் என்று நாங்கள் அறிந்தது ஆற்றுப்பாலம் ஒன்றைத்தான். இங்கே பேருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சன்னலில் ஒரு மலை வந்து நின்றது. மலைக்கும் சாலைக்கும் இடையில் வாழை, தென்னை, பந்தலில் தொங்கும் திராட்சை. உத்தமபாளையத்தில் ஏறிய ஒரு பெண் மடியிலிருந்த திராட்சைக் கூடையிலிருந்து ஒரு கொத்தைக் கேட்காமலே என் கையில் வைத்தாள். கறுத்த, கொட்டையுள்ள, தோல் தடித்த பழம். சாறு விரலில் ஒட்டி நெடுநேரம் போகவில்லை.

அன்று இரவு கம்பத்தில் அத்தான் வீட்டில் தங்கினேன். அவர் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டியபடி, மோட்டாரின் மூன்று கம்பிகளில் எது எதனோடு சேரும் என்பதை எனக்கு இரண்டுமுறை விளக்கினார். கடையிலிருந்து வாங்கிய பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டோம். திருவாரூரில் சால்னாவை ஊற்றிக்கொள்கிறோம். கம்பத்தில் பரோட்டாவை அதில் குளிப்பாட்டுகிறார்கள். பின்னதே சரி என்பது என் முடிவு.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரவேண்டிய ஜீப் ஏழேகாலுக்கு வந்தது. ஓட்டுநர் சிக்கந்தர், ஐம்பது வயதிருக்கும், கம்பத்துக்காரர். பேச்சுக்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் வழக்கமுள்ளவர். முன்னிரவில் தம் ஜீப்பில் கிளட்ச் தேய்ந்துபோனதால் அதைப் பட்டறையில் விட்டுவிட்டு மைத்துனரின் ஜீப்பை எடுத்து வந்ததாகச் சொன்னார். வேலையாட்களை ஏற்றும் மற்ற ஜீப்புகள் விடியுமுன்னரே மலையேறிவிட்டன. எனவே வண்டியில் என்னைத் தவிர ஒரே ஒருவர்: பேச்சியம்மாள். அக்காவின் தோட்டத்தில் காய் எடுப்பவர், நாற்பதைக் கடந்தவர். முந்தைய ஜீப்பைத் தவறவிட்ட கோபத்தில் இருந்தார்.

"என்ன பாய், இன்னைக்கி மாப்பிள்ளை ஊர்வலமா? ஏழேகாலுக்கு வாரீக?"

"ஏறு பேச்சி. ஒன்ன விட்டுட்டுப் போனா அதுக்கும் நீ பேசுவ."

மோட்டாரைப் பின்னிருக்கைகளுக்கு நடுவில் கயிற்றால் கட்டினார்கள். மலைச்சாலையின் வளைவுகளில் பேச்சியம்மாள் அதன்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டார். கீழே பள்ளத்தாக்கு சதுரம் சதுரமாக விரிந்து, பிறகு மூடுபனியில் காணாமற்போயிற்று. சோதனைச்சாவடி கடந்ததும் பலகைகளின் எழுத்து மாறியது. எழுத்து மாறிய அளவுக்கு வேறெதுவும் மாறவில்லை. அதே குளிர், அதே மழை, அதே மிளகுக்கொடி. நாட்டின் எல்லையைக் கடப்பவர்கள் அடையும் கிளர்ச்சிக்கு நான் தயாராக இருந்தேன். அது வந்து சேருமுன் ஜீப் தார்ச்சாலையை விட்டு இறங்கிவிட்டது.

சாலை பிரியும் இடத்தில் ஒரு தேநீர்க்கடை. அதற்கப்பால் ஒன்பது கிலோமீட்டர் கல்லும் சேறும். சிக்கந்தர் இறங்கி, முன்சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் இருந்த குமிழைத் திருகிவிட்டு ஏறினார். இனி எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கும் போகும் என்று எனக்கு விளக்கினார். ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். ஒரு பாறைமேல் இடப்பக்கச் சக்கரம் ஏறி வழுக்கியபோது கீழேயிருந்து தேங்காய் உடைத்தாற்போல் ஓர் ஒலி வந்தது. சிக்கந்தர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். அது திரும்பவில்லை. ஜீப் பாதையின் குறுக்கே, மூக்கை மண்மேட்டில் வைத்து நின்றுவிட்டது. ஒருபுறம் மேடு, மறுபுறம் எட்டிப் பார்க்க நான் விரும்பாத ஆழம்.

அவர் மல்லாந்து அடியில் புகுந்து பார்த்தார்.

"கிராஸ் ஒடஞ்சிருச்சு" என்றார் வெளியே வந்து. ஆக்ஸில் ஷாஃப்ட் என்னும் இரும்புத் தண்டுதான் முன்சக்கரத்தைச் சுழற்றுவது. சக்கரம் திரும்பும்போது தண்டும் மடங்க வேண்டும். அந்த மடிப்பில் சிலுவை வடிவில் ஒரு துண்டு இருக்கிறது. அதுதான் கிராஸ். "ஒடஞ்ச துண்டு உள்ள சிக்கிக்கிச்சு. ஷாஃப்ட்ட வெளிய உருவாம ஸ்டியரிங் திரும்பாது. நமக்கும் வழி இல்ல, பின்னாடி வாரவனுக்கும் வழி இல்ல."

மணி எட்டரை. அக்காவைத் தொலைபேசியில் அழைக்கப் பார்த்தேன். என் கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மோட்டாரைத் தலையில் சுமந்துபோகலாமா என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். "சொமக்குறது ஒன்னுமில்ல தாயி. ஆனக் கூட்டம் மூங்கித் தோப்புல நிக்கிதுன்னு நேத்தே சொன்னாக. மோட்டாரப் போட்டுட்டு ஓடுனா உங்க அக்கா என்னைய விடுவாகளா?"

சிக்கந்தர் இருக்கைக்கு அடியிலிருந்து சாமான்களை எடுத்துச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தார். ஜாக்கி, சக்கரம் கழற்றும் ஸ்பானர், சுத்தியல், ஒரு கட்டு ஸ்பானர்கள். பிறகு கை அடுத்த சாமானைத் தேடிப் போனது. அங்கேயே நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பேச்சியம்மாள்தான் முதலில் புரிந்துகொண்டார். "பாய்! பாக்ஸ் எங்க பாய்?"

"என் வண்டியில கெடக்கு."

"பாக்ஸ் பாய்ட்டயே பாக்ஸ் இல்லையா? இத எங்கன போய்ச் சொல்ல!" என்று சொல்லி, தார்ப்பாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பின் காரணம் எனக்கு மெல்லத்தான் விளங்கியது. இந்த மலைப்பாதையில் ஓடும் ஜீப் எதிலும் எல்லாக் கருவிகளும் இருப்பதில்லை. ஆளும் மூட்டையும் ஏற்றிய பிறகு அவற்றுக்கு இடமில்லை. ஆகவே ஜீப் ஸ்டாண்டில் பேசி, ஆளுக்கொரு கருவியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வளையம் கழற்றும் கொறடு ஒருவரிடம், சங்கிலி இன்னொருவரிடம், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பினுள் ஆழத்தில் இருக்கும் பெரிய நட்டைக் கழற்றும் பாக்ஸ் ஸ்பானர் சிக்கந்தரிடம். யார் வண்டி நின்றாலும் கருவி வண்டி மாறி வண்டி மாறி வந்து சேரும். கருவியே ஆளின் பெயராகவும் ஆகிவிடும். அவ்வாறு 'பாக்ஸ் பாய்' என்று மலை முழுதும் அறியப்பட்டவர், வண்டியை மாற்றி எடுத்த அவசரத்தில் பாக்ஸை மாற்றி எடுத்து வைக்க மறந்துவிட்டார்.

ஒன்பது மணியளவில் கீழேயிருந்து எருமூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. அதை ஓட்டியவர் 'கொறடு' ரத்தினம். சிக்கந்தரைவிட இளையவர், அவரை மாமா என்று அழைத்தார்.

"என்ன மாமா, ரோட்டுக்குக் குறுக்க படுத்துட்டீக?"

"கொறடக் குடு மாப்ள."

"கொறடு தாரேன். பாக்ஸ் வச்சிருக்கீகள்ல?"

பேச்சியம்மாள் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். விவரம் அறிந்ததும் ரத்தினம் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "இருவது வருசமா எல்லாப் பயகளுக்கும் பாக்ஸ் குடுத்த மனுசன்! ஏ மாமா, சாயந்தரம் ஸ்டாண்டுல நான் இத ஒருக்காத்தான் சொல்லுவேன். மத்தவக அம்பது தடவ சொல்லுவாக."

ஆனால் பேசிக்கொண்டே இறங்கி வேலையில் சேர்ந்துகொண்டார். சக்கரம் கழன்றது. கொறட்டின் மெல்லிய மூக்கால் ஒரு வளையத்தை விரித்து எடுத்ததும் ஹப்பின் வெளிமூடி கையோடு வந்தது. உள்ளே கறுத்த கிரீஸ் மட்டும் தெரிந்தது.

"உளிய வச்சு நாலு தட்டுத் தட்டுனா நட்டு சுத்தும்" என்றார் ரத்தினம்.

"வேணாம். உளி பட்ட நட்டு செதஞ்சுரும். நாளப்பின்ன எவன் பாக்ஸும் அதுல ஒக்காராது. மச்சினன் வண்டி வேற."

"அங்கன காய் வெளுத்துக்கிட்டு இருக்கு, நீங்க நட்டுக்கு அழுகுறீக."

சிக்கந்தர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, கீழ டீக்கடையில டவர் கெடைக்கும். பட்டறை நம்பர் தாரேன். பத்து மணிக்குக் கம்பத்துல பஸ் எடுப்பாக. கண்டக்டர்ட்டக் குடுத்துவிட்டா டீக்கடையில எறக்கிருவாக. ஆறு பட்டை பாக்ஸுன்னு சொல்லுங்க. ஆறு பட்டை."

சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கடியில் போய்விட்டார். ஓடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். எதைக் கேட்கப் போகிறேனோ அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கைக்குட்டையால் ஹப்பினுள் இருந்த கிரீஸை வழித்து, கைபேசி விளக்கைப் பிடித்தேன். பட்டை எதுவும் இல்லை. வட்டமான நட்டு, அதன் விளிம்பில் நான்கு வெட்டுகள்.

"அண்ணே, இது வட்டமா..." என்றேன்.

அடியிலிருந்து அவரும் ரத்தினமும் உளியைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். "ஓடுங்க பாப்பா, பஸ் கெளம்பிரும்!"

இரைந்து பேசும் பழக்கம் எனக்கு இல்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, விரலால் உள்ளே அழுத்தி எடுத்தேன். கறுப்பு வளையம் ஒன்றும் நான்கு வெள்ளை இடைவெளிகளும் அதில் பதிந்தன. அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். சேற்றில் இருமுறை விழுந்தேன், தாள் விழவில்லை.

தேநீர்க்கடையில் கைபேசிக்கு உயிர் வந்தபோது பத்தாக இருபது நிமிடம் இருந்தது. பட்டறையில் ஒரு பெண் எடுத்தார். மெக்கானிக் சனிக்கிழமை என்பதால் குச்சனூர்க் கோயிலுக்குப் போயிருப்பதாகவும் தாம் அவர் மனைவி என்றும் சொன்னார். நான் விவரம் சொன்னேன்.

"பாயோட பாக்ஸா? அவுக வண்டியில சீட்டுக்கடியில கெடக்கு. உள்ள ஆறு மூலையா இருக்கும். அதான வேணும்?"

ஆம் என்று சொல்வது மிக எளிதாக இருந்தது. இருபது ஆண்டுகள் பாக்ஸ் கொடுத்தவர் சொன்னது அது. நான் ஹப் ஒன்றை வாழ்வில் முதன்முறையாகப் பார்த்து நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. தவறான கருவி வந்தால் அடுத்த பேருந்து இரண்டு மணிக்கு. அப்புறம் அக்காவின் காயைப் பற்றிப் பேச ஒன்றும் இராது.

தாளைப் பார்த்தேன்.

"அது இல்லைங்க. நாலு பல் உள்ள பாக்ஸ் இருக்கா?"

"இருக்கு. ஆனா அது கடையோடது. வெளிய குடுக்கக் கூடாதுன்னு அவுக கறாராச் சொல்லிருக்காக. ஒருக்காக் குடுத்துத் திரும்பி வர மூணு மாசம் ஆச்சு."

எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் இரக்கப்பட்டார், ஆனால் இசையவில்லை. இரண்டையும் அனுப்பச் சொல்லலாமா என்று நினைத்தபோதே வேறு வழி தோன்றியது. "சிக்கந்தர் அண்ணனோட பாக்ஸ் உங்க கையில இருக்கட்டும். அது இல்லாம அவரால மலையில வண்டி ஓட்ட முடியாது. கடையோடதைத் திருப்பித் தந்துட்டு அதை வாங்கிக்கட்டும்."

"பாய் இதுக்கு ஒத்துக்கிட்டாகளா?"

"ஒத்துக்குவார்" என்றேன். என் வாழ்நாளில் இன்னொருவர் சார்பாக நான் கொடுத்த முதல் வாக்குறுதி அது என்று நினைக்கிறேன்.

பிறகு காத்திருந்தேன். கடையை நடத்திய சேச்சி என் சேலைக் கரையிலிருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு தட்டில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் சம்மந்தி என்னும் காந்தாரி மிளகாய்த் துவையலும் வைத்தார். எங்கள் ஊரில் மரவள்ளி மாலைநேரத் தீனி. வெல்லம் தொட்டுத் தின்பது. இங்கே அது காலையுணவு. கண்ணில் நீர் வரவேண்டும் என்பது நியதி. பால் சேர்க்காத தேநீரோடு முழுத்தட்டையும் தின்றேன். அடுத்த பெஞ்சில் காட்டிலாகாக் காவலர் ஒருவர் மலையாளத்தில் சேச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "யானைகள் மூங்கிலை விட்டு நகரவில்லை. நேற்று நான் ஒரு மணிநேரம் மரத்தில் இருந்தேன்." சேச்சி சொன்னார்: "மரத்தில் இருந்தாயா, தூங்கினாயா? உன் குறட்டைக்கு யானை போயிருக்குமே." இவ்வளவும் எனக்குப் புரிந்தது, அது யானையைவிட வியப்பாக இருந்தது.

பதினொன்றேகாலுக்குப் பேருந்து வந்தது. நடத்துநர் படியில் தொங்கியபடி செய்தித்தாளில் சுற்றிய பொதியை நீட்டினார். "பாக்ஸ் யாருக்கு? ஏத்துறப்ப அந்தக்கா மூணு தடவ சொன்னாக, திரும்பி வரணும்னு." நான் பிரித்தேன். தடித்த குழாய், வாயில் நான்கு பற்கள். தாளின்மேல் நிறுத்தினேன். நான்கு பற்களும் நான்கு வெள்ளை இடைவெளிகளில் நின்றன.

மேலே ஏறும்போது ஓடவில்லை. பாக்ஸ் கனமாக இருந்தது. இருதோளிலும் மாற்றி மாற்றிச் சுமந்தேன். சிக்கந்தர் பாதிவழி வந்து எதிர்கொண்டார். கையில் வாங்கியவர் முகம் மாறியது.

"இது கடைப் பாக்ஸ்ல? ஆறு பட்டைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே பாப்பா."

தாளைக் கொடுத்தேன். "உள்ள பார்த்தேன் அண்ணே. நாலு வெட்டு இருந்துச்சு."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரைந்து நடந்தார். ஜீப்பின் முன் குந்தி, விளக்கைப் பிடித்து ஹப்பினுள் பார்த்தார். ரத்தினமும் பேச்சியம்மாளும் இரு தோளுக்கும் மேலாக எட்டிப் பார்த்தார்கள். பாக்ஸை உள்ளே விட்டு மெல்லத் திருப்பினார். 'க்ளுக்' என்று நட்டில் அமர்ந்தது.

"மச்சினன் போன வருசம் ஹப்ப மாத்துனான்" என்றார் யாரையும் பார்க்காமல். "எங்கிட்டச் சொல்லத்தான் செஞ்சான்."

"மாமா, ஸ்டாண்டுல சொல்றதுக்கு ரெண்டாச்சு" என்றார் ரத்தினம்.

"சிரிக்காத மாப்ள. கம்பியப் புடி."

அவருடைய பாக்ஸைப் பட்டறையில் அடகாக வைத்துவிட்டதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அவர், "நல்ல காரியம். இல்லேன்னா அந்தம்மா குடுத்திருக்காது" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பின் நடந்ததை நான் ஒரு கல்லின்மேல் அமர்ந்து முழுக்கப் பார்த்தேன். பாக்ஸின் தலையில் கம்பியைக் குறுக்கே செருகி இருவர் தள்ளினார்கள். வெளிநட்டு வந்தது, பிறகு ஒரு தகடு, பிறகு உள்நட்டு. ஒவ்வொன்றையும் சிக்கந்தர் வந்த வரிசையிலேயே சாக்கின்மேல் வைத்தார். பிரேக் டிரம்மோடு ஹப் கழன்றது. அடுத்து, ஆக்ஸில் ஷாஃப்டைச் சூழ்ந்திருந்த ஸ்பிண்டில் என்னும் குழாய். ஆறு போல்ட்டுகளைக் கழற்றியும் அது அசையவில்லை, துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தெடுக்கும் கருவி அன்று மலையுச்சியில் நின்ற வேறொரு ஜீப்பில் இருந்தது. சிக்கந்தர் ஹப்பையும் டிரம்மையும் மறுபடி தளர்வாக மாட்டி, நட்டை நாலு சுற்று மட்டும் ஏற்றினார். பிறகு இருவரும் டிரம்மைப் பிடித்துத் தங்களை நோக்கி வெடுக்கென்று இழுத்தார்கள். ஹப் வந்து நட்டில் மோதியது. கழற்றிய பாகமே சுத்தியலாகிவிட்டது. ஐந்தாவது இழுப்பில் ஸ்பிண்டில் கழன்று, ரத்தினம் டிரம்மோடு, அருகில் இறக்கி வைத்திருந்த எருமூட்டைமேல் சாய்ந்தார்.

"மெதுவா ரத்தினம்! அது மேல்தோட்டத்து எரு, ஒனக்கில்ல" என்றார் பேச்சியம்மாள்.

தண்டை உருவியதும் எண்ணெய் ஒழுகாதபடி குழாயின் வாயில் பழந்துணி அடைத்தார்கள். கிராஸ் இரண்டாகப் போயிருந்தது. சிக்கியிருந்த துண்டைப் பேச்சியம்மாள்தான் ஒல்லியான விரல்களால் தோண்டி எடுத்தார். ரத்தினத்திடம் புதுக் கிராஸ் ஒன்று இருந்தது. அதைப் பாறைமேல் வைத்துச் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து இறக்கினார்கள். பொறுமை தேவைப்படும் வேலை. நான் நேரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன், பேச்சியம்மாள் நிறுத்தவில்லை. "பாய், ஒன்னரை." "பாய், ரெண்டு." சிக்கந்தர் ஒவ்வொரு முறையும், "கேட்டுச்சு பேச்சி" என்றார்.

இரண்டரைக்கு ஸ்டியரிங் திரும்பியது. மூங்கில்தோப்பைக் கடந்தபோது யாரும் பேசவில்லை; யானைகளும் எங்களைப் பொருட்படுத்தவில்லை. நான்கு மணிக்கு முன்பாக ஸ்டோர் என்று எல்லோரும் அழைக்கும் உலர்த்தும் கட்டடத்தின் முன் நின்றோம்.

அக்கா வாசலில் இருந்தாள். இரண்டு நாள் உறங்காத முகம். முந்தைய நாள் எடுத்த காய், உள்ளே தரையில் மெல்லிய பரப்பாக விரிக்கப்பட்டு, ஈரமும் பச்சையுமாகக் கிடந்தது. மழையில் கடைசியாக வந்த நான்கு மூட்டைகளுக்கு மட்டும் விரிக்க இடமின்றி, இரவு முழுதும் சாக்கிலேயே இருந்தனவாம். "ஏன் நேரமாச்சு?" என்று அவள் கேட்கவில்லை. மோட்டாரின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினாள். அத்தான் சொல்லியனுப்பியபடி மூன்று கம்பிகளையும் நான் சொல்ல, சிக்கந்தர் முறுக்கினார். விசிறி சுழன்று அறைக்குள் சூடு நகரும் ஒலி கேட்டபோது ஐந்து மணி ஆகவில்லை. அவரும் பேச்சியம்மாளும் மற்ற ஆட்களோடு இறங்கிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அக்கா அறைக் கதவின் சிறு கண்ணாடியை விட்டு நகரவில்லை. கஞ்சியும் கருவாட்டுத் துவையலும் நான் செய்தேன். அவள் நின்றுகொண்டே குடித்தாள். முன்பெல்லாம் சமையலில் உப்பைப் பற்றி என்னிடம் குறை சொல்லாமல் இருக்க மாட்டாள். அன்று உப்பு போட்டேனா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. பகல் ஒரு மணிக்கு, என்னைக் கீழே அழைத்துப் போக சிக்கந்தர் வந்தார். வெளியே நிற்காமல் அவரும் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக நின்றார்.

இரண்டு மணிக்கு அக்கா கதவைத் திறந்தாள். சூடான மணம் முகத்தில் மோதியது. அடித்தட்டிலிருந்து ஒரு கை, நடுத்தட்டிலிருந்து ஒரு கை, மேல்தட்டிலிருந்து ஒரு கை என்று எடுத்து, வாசல் வெளிச்சத்தில் வெள்ளைத் துண்டின்மேல் மூன்று குவியலாக வைத்தாள். மேல்தட்டுக் காய் வெளுத்திருந்தது. சாக்கிலேயே கிடந்த நான்கு மூட்டை அது. மற்ற இரண்டு குவியல்களையும் விரலால் பரப்பினாள். ஒன்றை உடைத்து மோந்தாள். இன்னொன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். பச்சை. இளம் வாழையிலையின் பச்சை அல்ல. அதற்கும் அடர்ந்த, உலர்ந்த, உறுதியான பச்சை.

துண்டின் மூலைகளைச் சேர்த்துக் கட்டினாள். உரிமையாளருக்குக் காட்ட அதை என் கையில் கொடுத்து, கம்பத்தில் அத்தானிடம் சேர்க்கச் சொன்னாள். பிறகு சுவரோரம் திரும்பினாள்.

"பாய், நாளைக்குக் கீழ்க்காட்டுல காய் எடுக்கணும். ஆள் கூட்டிட்டு வாங்க."

சிக்கந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்பவும் போலப் பன்னெண்டு பேரா, ஆத்தா?"

அக்கா, நாளைக்குக் காலியாகிவிடும் அறைத் தட்டுகளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"பதினஞ்சு" என்றாள்.